கொரோனாவில் நின்ற தினசரி ரூம் கிளீனிங்... மிச்சமான பணம் யாருக்கு, வலி யாருக்கு? - விரிவான அலசல்

ஸ்டார் ஹோட்டலில் 3 நாள் தங்கப் போறீங்க. முதல் நாள் காலையில் வெளியே சுற்றிவிட்டு மாலையில் திரும்பினால், கசங்கிய பெட்ஷீட் மாற்றப்பட்டிருக்கும், ஈர டவலுக்குப் பதில் புது டவல் மடித்து வைக்கப்பட்டிருக்கும், குப்பைத் தொட்டி காலியாக இருக்கும். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அறை வாடகையிலேயே இதுவும் அடக்கம்.

2020-க்கு முன்பு உலகம் முழுக்க பெரிய ஹோட்டல்களில் இதுதான் வழக்கம். கொரோனா அதை மாற்றியது. குறிப்பாக அமெரிக்காவில், 'வேணும்னா கேளுங்க, வந்து சுத்தம் செய்றோம்' என்ற புது நடைமுறை வந்தது. தொற்று அடங்கிய பிறகும் பல ஹோட்டல்களில் அது அப்படியே நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் இதற்காக ஒரு மாநிலத்தில் சட்டம் வந்தது, பிறகு ரத்தானது. ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு பெட்ஷீட் விஷயத்துக்கு ஏன் இவ்வளவு போராட்டம்?

2020: வாசலில் ஒட்டப்பட்ட 'சீல்'

2020 மார்ச், ஏப்ரலில் ஹோட்டல் தொழில் கிட்டத்தட்ட முடங்கியது. அமெரிக்காவில் அந்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்து, ஹோட்டல் அறைகளில் சராசரியாக 44 சதவீதம்தான் நிரம்பின. ஹோட்டல், சுற்றுலா, உணவகம், பொழுதுபோக்கு ஆகிய துறைகளில் 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில் சுமார் 77 லட்சம் வேலைகள் காணாமல் போனதாக அந்நாட்டு அரசின் புள்ளிவிவரம் சொல்கிறது.

வாடிக்கையாளரைத் திரும்ப வரவைக்க ஹோட்டல்களிடம் இருந்த ஒரே ஆயுதம், 'எங்க ரூம் சுத்தமானது' என்ற நம்பிக்கைதான். 2020 ஏப்ரலில் மேரியட் நிறுவனம் சுத்தத்துக்கென்றே நிபுணர்கள் அடங்கிய தனி கவுன்சில் அமைத்தது. கிருமிநாசினியை மின்னூட்டம் ஏற்றித் தெளிக்கும் ஸ்பிரேயர்களைக் கொண்டுவருவதாகவும் அறிவித்தது. அதே மாதம் ஹில்டன் நிறுவனம், லைசால், டெட்டால் தயாரிக்கும் நிறுவனத்துடன் கைகோத்து 'கிளீன்ஸ்டே' திட்டத்தை அறிவித்தது. சுத்தம் செய்து முடித்த அறையின் கதவில் ஒரு ஸ்டிக்கர் சீல் ஒட்டப்படும். அதை நீங்கள்தான் கிழித்து உள்ளே போக வேண்டும். டிவி ரிமோட், லைட் சுவிட்ச், கதவுக் கைப்பிடி என்று அடிக்கடி கை படும் இடங்களைத் தனியாகத் துடைப்பது கட்டாயமானது. பேனா, நோட்டுப் பேடு, பத்திரிகை போன்றவை மேசையிலிருந்து எடுக்கப்பட்டன.

இதே நேரத்தில் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. விருந்தினர் தங்கியிருக்கும்போது பணியாளர் அறைக்குள் போக வேண்டாம் என்று முடிவானது. அமெரிக்க ஹோட்டல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், விருந்தினர் கேட்டால் மட்டுமே இடையில் சுத்தம் செய்யலாம் என்ற நிலைப்பாடு இருந்தது. அன்றைய சூழலில் இதை யாரும் தப்பு சொல்லவில்லை. மூடிய அறைக்குள், முன்பின் தெரியாதவர் மூச்சு விட்ட காற்றில் நின்று வேலை செய்வது பணியாளருக்கும் ஆபத்து, விருந்தினருக்கும் பயம்.

ஆக, ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள். ஆள் மாறும்போது அறையை முன்பைவிட அதிகமாகத் துடைப்பது ஒன்று. ஆள் தங்கியிருக்கும்போது சுத்தமே செய்யாமல் விடுவது இன்னொன்று. இதில் எது நிலைத்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

2021: அறிவியல் மாறியது, நடைமுறை மாறவில்லை

2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. வைரஸ் படிந்த ஒரு பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு, பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்றது. பெரும்பாலும் காற்று வழியாகவும், மூச்சுத் துளிகள் வழியாகவும்தான் கொரோனா பரவுகிறது என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது. அப்படின்னா மேசை மேல் ஸ்பிரே அடிப்பதைவிட ஜன்னலைத் திறந்து வைப்பது முக்கியம் என்று அர்த்தம்.

இதன் பிறகு கதவு சீல், ஸ்பிரேயர் எல்லாம் மெல்ல மெல்லக் காணாமல் போயின. தடுப்பூசி வந்தது, கூட்டம் திரும்பியது. நீச்சல் குளம், பஃபே காலை உணவு எல்லாமே திரும்பின. தினசரி ரூம் கிளீனிங் மட்டும் பல இடங்களில் திரும்பவில்லை.

2021 ஜூலையில் ஹில்டன் இதை வெளிப்படையான கொள்கையாகவே அறிவித்தது. அமெரிக்காவில் உள்ள அதன் ஆடம்பர பிராண்டுகள் தவிர்த்த ஹோட்டல்களில், விருந்தினர் கேட்டால்தான் இடையில் சுத்தம் செய்யப்படும். கேட்காவிட்டால், தொடர்ந்து தங்குபவருக்கு 5-வது நாளில் தானாக சுத்தம் செய்யப்படும். 'விருந்தினரின் விருப்பத்துக்கே விடுகிறோம்' என்பது ஹில்டன் சொன்ன காரணம். மேரியட்டும் பின்னர், பிராண்டின் தரத்தைப் பொறுத்து எங்கே எவ்வளவு சுத்தம் என்று பிரித்துக்கொண்டது. விலை உயர்ந்த ஹோட்டலில் தினமும், விலை குறைந்த ஹோட்டலில் குறைவாக.

லாபக் கணக்கு என்ன?

ஹோட்டல் நடத்தும் செலவில் பெரிய பங்கு சம்பளம். அதிலும் அறைகள் சார்ந்த வேலைக்குத்தான் அதிகம் பேர் தேவை. 500 அறைகள் உள்ள ஹோட்டலில் ஒரு நாள் 400 அறைகள் நிரம்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 130 பேர் அறையைக் காலி செய்கிறார்கள், 270 பேர் தொடர்ந்து தங்குகிறார்கள். பழைய முறைப்படி 400 அறைகளையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒருவர் ஒரு ஷிஃப்டில் 15 அறைகள் செய்கிறார் என்றால் சுமார் 27 பேர் வேலைக்கு வர வேண்டும். புது முறையில் 130 அறைகளும், கேட்டவர்களின் சில அறைகளும்தான். 10, 12 பேர் போதும். மீதிப் பேருக்கு அன்று ஷிஃப்ட் இல்லை. இது புரிவதற்கான உதாரணக் கணக்குதான் என்றாலும், நடப்பது இதுதான்.

முதலீட்டாளர்களிடம் நிறுவனங்கள் இதை மறைக்கவும் இல்லை. ஹில்டன் தலைமைச் செயல் அதிகாரி கிறிஸ் நாசெட்டா 2021 பிப்ரவரியில் முதலீட்டாளர்களுடனான கூட்டத்தில் பேசும்போது, ஹவுஸ்கீப்பிங், உணவு போன்ற பிரிவுகளில் ஆள் தேவையைக் குறைக்கும் வேலை நடப்பதாகவும், நெருக்கடி முடிந்து வெளியே வரும்போது கொரோனாவுக்கு முன்பைவிடக் குறைந்த ஆட்களோடு அதிக லாப விகிதம் கிடைக்கும் என்றும் சொன்னார். வாடிக்கையாளரிடம் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசிய அதே காலத்தில், முதலீட்டாளரிடம் பேசியது லாப விகிதத்தைப் பற்றி.

இன்னொரு விஷயமும் இருக்கு. பெரிய பிராண்டுகளின் பெயரில் இயங்கும் ஹோட்டல்களில் பெரும்பாலானவற்றின் கட்டடம் அந்த பிராண்டுக்குச் சொந்தமில்லை. முதலாளி வேறொருவர். அவர் பிராண்டுக்குக் கட்டணம் செலுத்துகிறார். 'எங்க பெயரைப் போட்டால் உங்களுக்குச் செலவு குறைவு' என்று சொல்ல முடிந்தால், அந்த பிராண்டுக்கு இன்னும் நிறைய முதலாளிகள் வருவார்கள். தினசரி சுத்தத்தைக் கட்டாயம் என்ற பட்டியலிலிருந்து எடுத்ததற்குப் பின்னால் இந்தக் கணக்கும் உண்டு.

'வேலை குறைஞ்சா நல்லதுதானே?'

பலருக்கு இந்தக் கேள்வி வரும். அறைகள் குறைந்தால் பணியாளருக்கும் சுமை குறையும்தானே? நடைமுறையில் அப்படி இல்லை.

தினமும் சுத்தம் செய்யும் அறையில் வேலை சீக்கிரம் முடியும். படுக்கையைச் சரிசெய்து, டவல் மாற்றி, பாத்ரூமைத் துடைத்து, குப்பையை எடுத்தால் போதும். 4, 5 நாட்கள் யாரும் தொடாத அறை அப்படி இருக்காது. குளியலறைச் சுவரில் சோப்புக் கறை காய்ந்து இறுகியிருக்கும், தரைவிரிப்பில் கொட்டியது ஊறிப் போயிருக்கும், குப்பை மூட்டையாகக் குவிந்திருக்கும், டவல்கள் மூலையில் ஈரத்தோடு கிடக்கும். குழந்தைகளோடு ஒரு குடும்பம் தங்கிய அறை என்றால் சொல்லவே வேண்டாம். ஒரு அறைக்கு இரண்டு மடங்கு நேரம்கூட ஆகலாம்.

ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை அறைகள் என்ற கணக்கில், சுலபமான அறையும் ஒன்றுதான், கஷ்டமான அறையும் ஒன்றுதான். முன்பு ஒருவருக்குக் கிடைக்கும் 15 அறைகளில் பாதிக்கு மேல் சுலபமானவை. இப்போது எல்லாமே செக்-அவுட் ஆன அறைகள். அடுத்த விருந்தினர் மாலை 3 மணிக்கு லாபியில் காத்திருப்பார். அதற்குள் முடிக்க வேண்டும்.

இந்த வேலை ஏற்கெனவே உடம்பை வாட்டும் வேலை. கனமான மெத்தையைத் தூக்கி பெட்ஷீட் செருகுவது, குனிந்து தொட்டியைத் தேய்ப்பது, துணி நிரம்பிய தள்ளுவண்டியை கார்பெட் மேல் இழுப்பது. அமெரிக்காவில் 50 ஹோட்டல்களின் பதிவுகளை வைத்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், அறை சுத்தம் செய்பவர்களில் 100 பேருக்கு ஆண்டுக்கு 7.9 காயங்கள் என்று கணக்கிடப்பட்டது. மொத்த ஹோட்டல் பணியாளர்களுக்கான சராசரி 5.2. இப்படிப்பட்ட காயங்களைத் தடுக்கவே, 2018 ஜூலை முதல் கலிபோர்னியாவில் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்குக்கென்று தனி பாதுகாப்பு விதி அமலில் இருக்கிறது.

இத்தோடு டிப்ஸும் அடிபட்டது. அமெரிக்காவில் அறையில் ஒரு இரவுக்கு 1 முதல் 5 டாலர் வரை விட்டுச் செல்லுங்கள் என்று ஹோட்டல் சங்கமே பரிந்துரைப்பது உண்டு. தினமும் யாரும் வராத அறையில் தினமும் டிப்ஸ் வைக்க யாருக்குத் தோன்றும்?

இந்த வேலையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் லத்தீன் அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், சீனா போன்ற இடங்களிலிருந்து குடியேறியவர்களும் கறுப்பினத்தவரும் அதிகம். ஷிஃப்ட் குறைந்தால் சம்பளம் மட்டும் குறையாது. குறிப்பிட்ட மணி நேரம் வேலை பார்த்தால்தான் மருத்துவக் காப்பீடு என்ற நிபந்தனை இருக்கும் இடங்களில் அதுவும் கைவிட்டுப் போகும். அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது எவ்வளவு செலவு என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹோட்டல் பணியாளர்களின் பெரிய தொழிற்சங்கமான யுனைட் ஹியர் 2021 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தினசரி சுத்தம் நிரந்தரமாக நின்றால் அமெரிக்காவில் 1,80,000 வரையிலான ஹவுஸ்கீப்பிங் வேலைகள் பறிபோகலாம், ஆண்டுக்கு 480 கோடி டாலர் சம்பளம் இழப்பாகலாம் என்றது. இது தொழிற்சங்கம் போட்ட மதிப்பீடு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடந்த இழப்பின் கணக்கு அல்ல, எதிர்பார்த்த அபாயத்தின் கணக்கு.

ஹோட்டல்கள் தரப்பு நியாயம் என்ன?

அவர்கள் சொல்வதையும் முழுசாகத் தள்ளிவிட முடியாது. முதலாவது, பல விருந்தினர்களுக்கே தினமும் ஒருவர் அறைக்குள் வந்துபோவது பிடிக்கவில்லை. வீட்டில் தினமும் பெட்ஷீட் மாற்றுகிறோமா என்ன? இரண்டாவது, கொரோனாவுக்குப் பிறகு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பணி நீக்கம் செய்யப்பட்ட பலர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது, துவைக்கும் தண்ணீர், மின்சாரம், சோப்பு எல்லாம் மிச்சம்.

மூன்றாவது வாதம் புதுசு இல்லை. 'டவலைக் கொக்கியில் மாட்டினால் இன்னொரு முறை பயன்படுத்துகிறேன் என்று அர்த்தம்' என்ற பச்சை நிற அட்டையைப் பல ஹோட்டல் பாத்ரூம்களில் பார்த்திருப்பீர்கள். 2009 வாக்கில் ஸ்டார்வுட் நிறுவனம் ஒரு படி மேலே போய், சுத்தம் வேண்டாம் என்று சொல்பவருக்கு சலுகைப் புள்ளியோ உணவுக் கூப்பனோ கொடுத்தது. 2016-ல் ஸ்டார்வுட்டை மேரியட் வாங்கியது. 2018-ல் மேரியட் ஹோட்டல்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில், இந்தப் பசுமைத் திட்டத்தால் வேலை நேரம் குறைகிறது என்பதும் ஒரு குமுறலாக இருந்தது.

தண்ணீர் மிச்சமாவது உண்மைதான். ஆனால் பெட்ஷீட் மாற்றாமலேயே குப்பையை எடுக்கலாம், பாத்ரூமைத் துடைக்கலாம். சூழலைக் காப்பாற்றுவதற்கும் ஆளைக் குறைப்பதற்கும் நடுவில் கோடு எங்கே என்பதுதான் சர்ச்சை. அன்று சுத்தம் வேண்டாம் என்றவருக்குக் கூப்பனாவது கிடைத்தது. கொரோனாவுக்குப் பிறகு அதுவும் தேவைப்படவில்லை, ஏன்னா 'வேண்டாம்' என்பதே இயல்புநிலை ஆகிவிட்டது. வேண்டும் என்பவர்தான் போன் போட்டுக் கேட்க வேண்டும். எந்தச் சேவையாக இருந்தாலும், கேட்டால்தான் கிடைக்கும் என்று ஆக்கினால் கேட்பவர் எண்ணிக்கை தானாகக் குறையும்.

சுத்தம் மட்டுமல்ல, பாதுகாப்பும்

2017 அக்டோபர் 1-ம் தேதி லாஸ் வேகாஸில் மாண்டலே பே ஹோட்டலின் 32-வது மாடியிலிருந்து ஒருவர், கீழே இசை நிகழ்ச்சிக்குக் கூடியிருந்த கூட்டத்தைச் சுட்டார். பல நாட்களாக அறையில் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அதன் பிறகு பல ஹோட்டல்கள், 'தொந்தரவு செய்யாதீர்கள்' பலகை நீண்ட நேரம் தொங்கினால் உள்ளே சென்று பார்க்க வேண்டும் என்று விதிகளை இறுக்கின. டிஸ்னி வேர்ல்டின் சில ஹோட்டல்களில் அந்தப் பலகையே 'அறையில் ஆள் இருக்கிறார்' என்று மாற்றப்பட்டது.

ஒரு நாளில் ஒரு முறை ஓர் ஊழியர் அறைக்குள் கண்ணோட்டம் விடுவது பாதுகாப்பு ஏற்பாட்டின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டது. மயங்கிக் கிடக்கும் விருந்தினர், தண்ணீர்க் கசிவு, கடத்தப்பட்டு அடைத்து வைக்கப்பட்ட ஒருவர் என்று எதையும் முதலில் கவனிக்க வாய்ப்புள்ளவர் அவர்தான். தினசரி சுத்தம் போனால் அந்தக் கண்ணும் போகிறது என்பது தொழிற்சங்கங்களின் வாதம்.

நெவாடாவில் சட்டம் வந்தது, போனது

சூதாட்ட விடுதிகளால் பிழைக்கும் லாஸ் வேகாஸ் இருக்கும் மாநிலம் நெவாடா. 2020 ஆகஸ்ட்டில் அங்கே எஸ்பி 4 என்ற சட்டம் வந்தது. ஹோட்டல்களில் தினசரி சுத்தம் உள்ளிட்ட சுகாதார விதிகளுக்கு அது வழிசெய்தது. பதிலுக்கு, கொரோனா தொடர்பான வழக்குகளிலிருந்து பல தொழில் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பும் கொடுத்தது. அதாவது இரண்டு தரப்புக்கும் ஒரு பேரம்.

2023-ல் 'தொற்றுக் காலம் முடிந்துவிட்டது, இந்த விதி இனி எதற்கு?' என்று ஹோட்டல்கள் கேட்டன. எஸ்பி 441 என்ற மசோதா நிறைவேறி, அந்த விதிகள் ரத்தாகின. கொரோனாவைக் காரணம் காட்டி நின்ற தினசரி சுத்தம் பல ஊர்களில் கொரோனா போன பின்னும் திரும்பவில்லை. கொரோனாவைக் காரணம் காட்டி வந்த சட்டமோ, கொரோனா போனதும் போய்விட்டது. தொழிலாளர்களைக் கோபப்படுத்தியது இந்த முரண்தான்.

சட்டத்தில் இழந்ததை ஒப்பந்தத்தில் பிடிப்பது என்று கலினரி யூனியன் முடிவெடுத்தது. 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஃபார்முலா 1 கார் பந்தயம் நடக்கவிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, சீசர்ஸ், எம்ஜிஎம், வின் ஆகிய 3 நிறுவனங்களில் சுமார் 35,000 பேர் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக நின்றார்கள். கடைசி நேரத்தில் அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின. சம்பள உயர்வோடு, தினசரி அறை சுத்தம் கட்டாயம் என்பதும் அதில் இடம்பெற்றது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் வேறு வழியில் போனது. 2022-ல் அங்கே வந்த விதிப்படி, ஒருவர் 8 மணி நேரத்தில் சுத்தம் செய்யும் பரப்பளவு குறிப்பிட்ட சதுர அடியைத் தாண்டினால் அந்த நாள் முழுக்க இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். 15 அறைகள் என்று எண்ணிக்கையில் பார்க்காமல், எவ்வளவு இடம் என்று பார்க்கும் முறை இது.

2024: 10,000 பேர் தெருவில்

2024 செப்டம்பர் முதல் வாரம், அமெரிக்காவின் தொழிலாளர் தின விடுமுறை. பயணக் கூட்டம் அலைமோதும் நேரம். ஹில்டன், ஹயாத், மேரியட் பெயர் தாங்கிய ஹோட்டல்களில் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, ஹொனலுலு, சான் டியாகோ உள்ளிட்ட நகரங்களில் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வோடு, கொரோனாவில் வெட்டப்பட்ட ஆட்களையும் தினசரி சுத்தம் போன்ற சேவைகளையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது கோரிக்கை. சில நகரங்களில் சில நாட்களில் முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவில் போராட்டம் நீண்டு, கடைசி ஒப்பந்தம் அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான் எட்டப்பட்டது.

சம்பளத்துக்காகப் போராடுவது எல்லா நாட்டிலும் நடக்கும். 'எங்களுக்கு வேலையை முழுசா கொடுங்க' என்று கேட்டுப் போராடியதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தியாவில் என்ன ஆனது?

இந்தியாவில் 2020 ஜூன் 4-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஹோட்டல்களுக்கான வழிமுறைகளை வெளியிட்டது. அடிக்கடி தொடும் இடங்களை 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைப்பது, ஏசியை 24 முதல் 30 டிகிரிக்குள் வைப்பது போன்றவை அதில் இருந்தன. ஐடிசி நிறுவனம் 'வி அஷ்யூர்' என்ற பெயரில் தனி சுகாதாரத் திட்டம் கொண்டுவந்தது. மத்திய சுற்றுலா அமைச்சகம் 'சாத்தி' என்ற சுய மதிப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

ஆனால் அமெரிக்கா அளவுக்கு 'கேட்டால்தான் சுத்தம்' என்பது இங்கே பெரிய சர்ச்சையாகவில்லை. இங்கே சம்பளம் குறைவு என்பதால் ஆளைக் குறைத்து மிச்சம் பிடிக்கும் பணமும் குறைவு. ஸ்டார் ஹோட்டல்களில் உபசரிப்புதான் விற்பனைப் பொருள். அதேநேரம், நம் ஊர் சாதாரண லாட்ஜ்களில் ரூம் பாயைக் கூப்பிட்டுச் சொன்னால்தான் சுத்தம் என்பது கொரோனாவுக்கு முன்பே பழகிய விஷயம். ஹவுஸ்கீப்பிங் வேலை கான்ட்ராக்டர் மூலம் நடக்கும் இடங்களில் ஆள் குறைந்தால் வெளியில் சத்தமும் கேட்காது.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

வெளிநாடு போகும்போது, குறிப்பாக அமெரிக்காவில் தங்கும்போது, தினசரி சுத்தம் உண்டா, இல்லையா என்பதை செக்-இன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். 'கேட்டால் செய்வோம்' என்றால், எந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றும் கேளுங்கள். காலையிலேயே சொன்னால்தான் அன்றைய ஷிஃப்டில் ஆள் போட முடியும். கூச்சப்படத் தேவையில்லை. நீங்கள் கொடுக்கும் வாடகையில் அதற்கான இடம் இருக்கிறது.

'எனக்கு நிஜமாகவே வேண்டாம்' என்பவர்களும் ஒரு உதவி செய்யலாம். கிளம்பும் நாளில் குப்பையை ஒரே பையில் போட்டு, டவல்களை ஒரே இடத்தில் குவித்து வைத்தால் அடுத்து உள்ளே வருபவரின் முதுகு கொஞ்சம் தப்பிக்கும். 4 நாள் வேலையை 40 நிமிடத்தில் முடிக்க வேண்டிய கட்டாயத்தில் அவர் இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் இப்போது தினசரி ரூம் கிளீனிங் கிடைப்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது. அறையின் விலை, அந்த ஊரின் சட்டம், அந்த ஹோட்டலில் தொழிற்சங்கம் இருக்கிறதா என்பது. 2020-க்கு முன்பு இந்த மூன்றையும் பார்த்து யாரும் ரூம் புக் செய்ததில்லை.